உடம்புக்கு வெளியே சில உறுப்புகள்

ஒரு வயது இகுவானாவின் பின்னந்தொடைகள் இரண்டும் உருண்டு திரண்டிருந்தால் வளர்ப்பவருக்குப் பெருமை தாங்காது. கொழுகொழுவென்று வளர்ந்திருக்கிறது பாருங்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டுவார். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் அதே தொடையைத் தொட்டதும் முகம் சுளிப்பார். எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழந்து வலுவற்றுப் போயிருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்க உடம்பு நார்த்திசுவைச் சுற்றிலும் அடுக்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அடுத்து அவர் கை கீழ்த்தாடைக்குப் போகும். மெல்ல அழுத்தினால் தாடை வளைந்து கொடுக்கும். 'ரப்பர் தாடை' என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்புகள் புகைமூட்டம்போல் மங்கலாகத் தெரியும். வளர்ப்பவருக்குத் தெரியாமலேயே முறிந்து, கோணலாகக் கூடிய இடங்களும் ஒன்றிரண்டு இருக்கும்.

இந்தப் பிராணியை யாரும் பட்டினி போடவில்லை, அடிக்கவுமில்லை. தினமும் சாப்பாடு வைத்திருக்கிறார்கள், பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் இவ்வளவு செய்தால் பெரும்பாலும் போதும். பல்லி இனத்துக்குப் போதாது. செல்லப் பல்லிகள் சீரழிவதற்குக் கொடுமையைவிடத் தவறான கணக்கே பெரிய காரணம் என்பது என் எண்ணம். பாலூட்டி தன் உடம்புக்குள்ளேயே செய்துகொள்ளும் பல வேலைகளைப் பல்லி வெயிலிடமும் பாறையிடமும் காற்றின் ஈரத்திடமும் ஒப்படைத்திருக்கிறது. அதைக் கூண்டுக்குள் கொண்டுவந்த பிறகு அந்த வேலைகளை விளக்கும் வெப்பமானியும்தான் செய்தாக வேண்டும். அவற்றை அலங்காரப் பொருள் என்று நினைத்து ஒன்றைக் கழித்துவிட்டால், பிராணியின் ஓர் உறுப்பையே கழற்றி வைத்ததற்குச் சமம்.

பச்சை இகுவானா மத்திய, தென் அமெரிக்கக் காடுகளையும் கரீபியன் பகுதியையும் சேர்ந்தது. மரத்தில் வாழ்வது, இலை தின்பது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம்தான் இருக்கும், பளபளக்கும் பச்சை நிறம், உள்ளங்கையில் உட்காரும். கடைக்காரர் காட்டுவது இந்தக் குஞ்சைத்தான். நன்றாக வளர்ந்த ஆண், வாலையும் சேர்த்து ஒன்றரை மீட்டரைத் தாண்டும். சரியாகப் பராமரித்தால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். பருவம் வந்த ஆண் இனப்பெருக்கக் காலத்தில் வளர்த்தவரையே போட்டியாளராக நினைத்துப் பாய்வதும் உண்டு. அதன் பற்கள் ரம்பம்போல் கூரானவை. 1990களில் மத்திய அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கான குஞ்சுகள் அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அவற்றில் பெரும்பகுதி வளர்ந்து பெரிதாகும்வரை உயிரோடு இல்லை. அங்கே வளர்ப்பு இகுவானாக்களுக்கான மீட்பு அமைப்புகள் முளைத்ததும், இந்த எலும்பு நோயைப் பற்றிய மருத்துவ அறிவு திரண்டதும் அந்தக் காலத்தில்தான்.

முதலில் வெப்பம். 'குளிர் ரத்தப் பிராணி' என்று பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு, பல்லிக்குக் குளிர்ச்சி பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இகுவானாவை ஏசி அறையில் வைத்து வசதி செய்து கொடுத்துவிட்டதாகத் திருப்திப்படுகிறவர்களும் உண்டு. உண்மையில் வெயில் காயும் இகுவானாவின் உடம்பு நம் உடம்பு அளவுக்கே சூடாக இருக்கும். வித்தியாசமெல்லாம் அந்தச் சூட்டை அது எங்கிருந்து பெறுகிறது என்பதில்தான். நாம் தின்ற சோற்றில் பெரும்பகுதியை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே எரிக்கிறோம். பல்லி கிளையில் நான்கடி நகர்ந்து அந்தச் சூட்டை இலவசமாக வாங்கிக்கொள்கிறது.

இந்த நகர்தல் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாத்யூ க்ளூகரும் கூட்டாளிகளும் 1970களின் நடுவில் காட்டினார்கள். பாலைவன இகுவானா என்ற சிறிய பல்லிக்கு நோய்க்கிருமியைச் செலுத்தி, சூடான முனையும் குளிர்ந்த முனையும் உள்ள இடத்தில் விட்டார்கள். நோயுற்ற பல்லிகள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய், உடம்பு வெப்பத்தை ஏறத்தாழ 2 டிகிரி உயர்த்திக்கொண்டன. அதாவது, நடந்துபோய்க் காய்ச்சல் வாங்கிக்கொண்டன. அடுத்த சோதனையில் நோயுற்ற பல்லிகளைத் தனித்தனி வெப்பநிலைகளில் அடைத்து வைத்தபோது, குறைந்த சூட்டில் இருந்தவை மளமளவென்று செத்தன. காய்ச்சல் அளவுச் சூட்டில் இருந்தவை அதிகம் பிழைத்தன. பாலூட்டிகளிலும் காய்ச்சல் நோயின் கூடவே வரும் தொல்லை மட்டும்தானா, நோயை எதிர்க்கும் ஆயுதமா என்ற விவாதத்தில் இந்தச் சோதனைகளுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. நமக்கு வேண்டிய சேதி வேறு. எல்லா மூலையும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் பெட்டியில் வாழும் பல்லிக்குக் காய்ச்சல் வரவே முடியாது. சளி பிடித்தால் அதை எதிர்க்க அதனிடம் இருக்கும் முதல் வழியை நாமே அடைத்து வைத்திருக்கிறோம்.

கூண்டில் ஒரு முனை 35 டிகிரியை ஒட்டியும், மறுமுனை 26, 27 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்று இகுவானாவுக்குச் சொல்வது இதனால்தான். நடுவில் எங்கே இருப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும். சூடு மேலிருந்து வருவது நல்லது. மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல்லைக் கீழே வைத்து, வயிறு வெந்துபோன பல்லிகள் ஏராளம். வெயில் மேலிருந்து வரும் என்று பழகிய உடம்பு, அடிவயிறு சுடுகிறபோது விலகத் தெரியாமல் அப்படியே கிடக்கும்.

அடுத்தது வெளிச்சம். தொடக்கத்தில் பார்த்த தொடை வீக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் பி வகை, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, தோலில் விழும்போது அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3க்கு முந்தைய வடிவமாக மாறுகிறது. உடம்புச் சூட்டில் அது டி3 ஆகிறது. சூடு குறைந்தால் இந்தப் படி மந்தமாகிவிடும். பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இறுதி வடிவம் பெற்று, குடலிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு ஏற்றும் வேலையைத் தொடங்குகிறது. டி3 இல்லையென்றால் முருங்கைக்கீரையை மலைபோல் குவித்தாலும் கால்சியம் வந்த வழியே வெளியே போய்விடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்காது. அதனால் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஆணையிடுகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எலும்பு கரைகிறது. எடுக்க ஒன்றும் மிச்சமில்லாத கட்டத்தில்தான் விரல்கள் நடுங்குவதும், வலிப்பு வருவதும் கண்ணில் படும்.

ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறோமே, நல்ல வெயில் வருகிறதே என்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விட்டுவிட்டு, எலும்புக்கு வேண்டிய அந்தக் கதிரை மட்டும் தடுத்துவிடுகிறது. வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டியோ சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். கதிரும் இல்லை, தப்பி ஓட நிழலும் இல்லை. கடையில் விற்கும் யுவிபி டியூப்களிலும் ஒரு சூது உண்டு. ஆறு மாதம், ஓராண்டு எரிந்தபின் பலவற்றில் அந்தக் கதிர் வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும் முன்போலவே இருக்கும். விளக்கு எரிகிறது என்ற நிம்மதியில் நாம் இருக்க, பல்லி இருட்டில் இருக்கும். கதிரின் அளவைச் சொல்லும் மீட்டர் விலை அதிகம் என்பதால், வாங்கிய தேதியை டியூப்பிலேயே எழுதி ஒட்டி வைத்து, கெடு வந்ததும் மாற்றிவிடுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. விளக்குக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கவும் கூடாது.

மாத்திரையாகவே டி3 கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இகுவானாவுக்கு அது நம்பத்தக்க மாற்றாக அமைவதில்லை. அளவு மீறினால் ரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். வெயிலில் அந்த ஆபத்து கிடையாது, மிதமிஞ்சியதைத் தோலே சிதைத்துவிடுகிறது. அதைவிட வியப்பான ஒன்று உண்டு. மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. உணவில் டி3 குறைவாகப் பெற்ற பச்சோந்திகள் புற ஊதாக் கதிரைத் தேடிப்போய் அதிக நேரம் காய்ந்தன. நிறையப் பெற்றவை ஒதுங்கி நின்றன. தனக்கு எவ்வளவு தேவை என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. தேடிப்போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. லண்டனில் இகுவானா வைத்திருப்பவர் ஆண்டில் பாதி நாள் மின்விளக்கை நம்பித்தான் இருக்க வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ மொட்டை மாடியில் பாதி நிழலும் பாதி வெயிலும் விழும்படி கம்பி வலைக் கூண்டு ஒன்று அமைத்துவிட்டால், எந்த டியூப்பும் தர முடியாத கதிர் காசில்லாமல் கிடைக்கும். காக்கையும் பூனையும் நுழையாத வலை, எப்போதும் தண்ணீர், ஓடி ஒளிய அடர்ந்த நிழல் மூன்றும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிழல் இல்லாமல் அரைமணி நேரம் விட்டாலும் செத்துப்போகும்.

உணவைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களில் பெரியது, புரதம் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்பது. வளரத்தான் செய்யும். முட்டையும் கோழிக்கறியும் நாய் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த இகுவானாவின் சிறுநீரகம் சில ஆண்டுகளில் கெட்டு, யூரிக் அமிலம் மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படிந்துவிடும். இது முழுக்க முழுக்க இலைதின்னி. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் இலையின் நாரை நொதிக்க வைத்துச் சத்தைப் பிரித்துத் தருகின்றன. குஞ்சுக்கு இந்த நுண்ணுயிர்கள் பிறவியிலேயே வருவதில்லை. பனாமாவில் காத்தரின் ட்ராயர் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தபடி, குஞ்சுகள் முதலில் மண்ணைத் தின்று, பிறகு பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. காட்டில் பாட்டி வீட்டுச் சீதனம் இப்படித்தான் வருகிறது. அந்த நொதித்தலுக்கும் சூடு வேண்டும். குளிர்ந்த கூண்டில் தின்ற இலை செரிக்காமல் அப்படியே கிடந்து புளிக்கும்.

முருங்கைக்கீரை, செம்பருத்தியின் இலையும் பூவும், பூசணி என்று நம் வீட்டுக் கொல்லையிலேயே இதற்கு ஏற்றவை இருக்கின்றன. கால்சியம், பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பாலக்கீரையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வெள்ளரிக்காயும் லெட்டூஸும் பெரும்பாலும் வெறும் தண்ணீர்.

இவ்வளவும் தவறினாலும் பல்லி உடனே காட்டிக்கொடுக்காது. அதே எடையுள்ள பாலூட்டி ஓய்வாக இருக்கும்போது எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பல்லிக்குச் செலவாகிறது. நாய் ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் வீடே பதறும். இகுவானா மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உருகும். குரல் கிடையாது, முகபாவம் கிடையாது. பலவீனம் வெளியே தெரிந்தால் பருந்துக்கு இரை என்ற காட்டுப் பாடம் வேறு இருக்கிறது. அசையாமல் கிடப்பதை வளர்ப்பவர் சாதுவாகிவிட்டது, நம்மோடு பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். சாது என்று புகழப்படும் இகுவானாவை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கால்களை ஊன்றி மார்பைத் தரையிலிருந்து தூக்குகிறதா என்பது, தொட்டால் ஓடுகிறதா என்பதைவிட நல்ல கேள்வி. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வைப்பதுதான் அதன் பேச்சைக் கேட்க நமக்கு இருக்கும் எளிய வழி.

அப்படிப்பட்ட ஒன்றை மீட்டு வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரக்கப்பட்ட மனிதர் முதலில் செய்வது சாப்பாடு வைப்பது. இங்கே இரக்கம் தப்பான வரிசையில் வேலை செய்கிறது. சூடு முதலில், தண்ணீர் அடுத்து, சோறு கடைசியில். குளிர்ந்து கிடக்கும் உடம்பில் போன உணவு செரிக்காது. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் தாங்காது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சத்து ஏறினால் ரத்தத்தின் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிரே போகலாம். சீராகச் சூடேற்றி, வெதுவெதுப்பான தண்ணீரை மூக்கு முழுகாத ஆழத்தில் வைத்து, குடிக்க விட்டு, மருத்துவர் சொல்லும் திரவத்தைக் கொடுத்து, அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு. கால்சியம் எவ்வளவு, ஊசியா வாய்வழியா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

தூக்குவதிலும் கவனம் வேண்டும். வாலைப் பிடித்தால் வால் கையில் வந்துவிடும். எலும்பு மென்மையானதைக் காலைப் பிடித்து இழுத்தால் முறியும். மார்பையும் இடுப்பையும் சேர்த்து உள்ளங்கையும் முன்கையுமாக ஏந்த வேண்டும். விரல் நுனிகளைப் பாருங்கள். காற்றில் ஈரம் போதாமல் உரியாத பழைய தோல் வளையம் வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் கறுத்திருக்கலாம். பெண்ணாக இருந்து வயிறு பருத்திருந்தால் முட்டையா என்று பார்க்க வேண்டும். ஆண் இல்லாமலேயே கரு இல்லாத முட்டைகள் உருவாகும்; தோண்டிப் புதைக்க மண் கிடைக்காமல் அவற்றை உள்ளேயே அடக்கி வைத்திருந்து சாகும் பெண் இகுவானாக்கள் உண்டு.

வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் புதியதை இரண்டு மூன்று மாதமாவது தனியே வைக்க வேண்டும். மனிதருக்கும் எச்சரிக்கை தேவை. நலமாகத் தோன்றும் இகுவானாவின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கும். அமெரிக்காவில் 1990களில் கைக்குழந்தைகளுக்கு வந்த ஒருவகைச் சால்மொனெல்லாத் தொற்றைத் துருவியபோது வீட்டிலிருந்த இகுவானாவில் போய் நின்றது. குழந்தைகளில் பலர் அந்தப் பிராணியைத் தொட்டதே இல்லை. தொட்ட பெரியவர்களின் கை வழியே வந்திருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடு இகுவானாவுக்கு ஏற்ற இடமில்லை. சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரத்தைக் கழுவுவதும் கூடாது.

வைத்துக்கொள்ள முடியாதவர் செய்யும் இன்னொரு காரியம், எங்காவது மரத்தில் விட்டுவிடுவது. நோயுற்றது செத்துப்போகும், நலமானது பிழைத்தால் அதைவிடத் தொல்லை. ஃப்ளோரிடாவில் 1960களிலிருந்தே காட்டில் காணப்படும் பச்சை இகுவானா இன்று கால்வாய்க் கரைகளையும் நடைபாதைகளின் அடியையும் தோண்டிச் சரிக்கிறது. 2020 ஜனவரியில் குளிர் கடுமையானபோது, மரத்திலிருந்து இகுவானா விழலாம் என்று மயாமி வானிலை அலுவலகமே மக்களை எச்சரித்தது. விறைத்துக் கிடந்ததைச் செத்துவிட்டதென்று எண்ணிக் காரில் போட்டுக்கொண்டு போனவர்களுக்கு நடுவழியில் அது சூடாகி விழித்துக்கொண்டதாம். 2021 முதல் அந்த மாநிலத்தில் அது தடைசெய்யப்பட்ட பிராணி. கிராண்ட் கேமன் தீவில் 2018இல் தொடங்கிய ஒழிப்பு நடவடிக்கையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. அவற்றின் முன்னோர் சிலர் வீட்டுச் செல்லங்கள்.

ஃப்ளோரிடாவின் குளிர்காலம்கூட நம் கடற்கரையில் கிடையாது.

இந்தியச் சந்தைக்கு வரும் அயல்நாட்டுப் பல்லிகளில் ஒரு பகுதி கள்ள வழியில் வந்தவை. 2019இல் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பயணிகளின் பெட்டிகளில் வெவ்வேறு வகை இகுவானாக்கள் பிடிபட்டன. அப்படிப் பிடிபடுபவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். பச்சை இகுவானா, வன உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியல் உயிரினங்களை நான்காம் அட்டவணையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி வைத்திருப்பவர்கள் ஒன்றிய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றாகி, ஆறு மாத அவகாசமும் தரப்பட்டது. கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். நம் ஊர் உடும்பைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. அது முதல் அட்டவணை உயிரினம், வீட்டில் வைத்தாலே குற்றம். அடிபட்ட உடும்பைக் கண்டால் வனத்துறையைக் கூப்பிடுவதுதான் மீட்பு.

மீண்டு வரும் இகுவானாவின் எலும்பு கெட்டிப்படும், ஆனால் வளைந்த முதுகும் குட்டையான தாடையும் நிமிராது. அதற்குப் பிறகும் பத்து ஆண்டு வாழக்கூடிய பிராணி அது. ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி அகலம் என்பது வளர்ந்த இகுவானாவுக்குக் குறைந்தபட்ச இடமாகச் சொல்லப்படும் அளவு. ஏற முடியாத ஒன்றுக்குச் செங்குத்தான கிளைகளுக்குப் பதில் படிப்படியான அகலப் பலகைகள் வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் மழைக்கால இரவுக்கு இன்வெர்ட்டரில் ஒரு வெப்ப விளக்கு. மீட்பு வேலையில் ஊறியவர்கள் தத்துக் கேட்டு வருகிறவரிடம் அன்பைப் பற்றி அதிகம் விசாரிப்பதில்லை. முதலில் கூண்டைக் கட்டுங்கள், விளக்குகளைப் போடுங்கள், இரு முனைகளிலும் வெப்பமானி வைத்துக் காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் எண்களைக் குறித்து அனுப்புங்கள் என்பார்கள். பாதிப் பேர் அதோடு திரும்பி வருவதில்லை. வருகிறவர்களிடம் டியூப் வாங்கிய ரசீதையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.